பதிவெண்ணும் நியாயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பணியின் பொருட்டுத் தாயகம் விட்டு இம்மாநிலத்திற் குடியேறிய நாம், தட்டுமுட்டுச் சாமான்களோடு நம் வண்டிகளையும் கொண்டு வந்திருக்கின்றோம். நம் காலனியில் நிற்கும் கார்களிற் பல ‘டி.என்.’ என்னும் எழுத்துக்களைத் தாங்கி நிற்பதே இதற்குச் சான்று. அவ்வெழுத்துக்களைக் கண்டு காவலர் கைகாட்டுவதும், ஓட்டுபவர் மனம் பதறுவதும் நாம் அறிந்தவையே. இதில் சட்டம் யாது, நியாயம் யாது என்று ஆராய்வதே என் நோக்கம்.

முதலிற் சட்டத்தைக் காண்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 46-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்திற் பதிவு பெற்ற வண்டியின் பதிவு இந்தியா முழுவதும் செல்லும். ஆகவே அயல் மாநில எண் தாங்கியிருத்தல் ஒன்றே குற்றமாகாது. ஆனால் பன்னிரண்டு திங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு, அம்மாநிலத்தின் புதிய பதிவெண் கோரி விண்ணப்பிக்க வேண்டும் என்கின்றது 47-ஆம் பிரிவு. அதற்கு, முன்னர்ப் பதிவு செய்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. விண்ணப்பித்த முப்பது நாட்களுக்குள் மறுப்பு ஏதும் வாராதாயின், சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என 48-ஆம் பிரிவு கூறுகின்றது. இதனை நம்மிற் பலர் அறியார்.

இனி வரியைக் காண்போம். அரசியலமைப்பில், வண்டிகள் பற்றிய சட்டம் பொதுப் பட்டியலில் 35-ஆம் இனம். வண்டி வரியோ மாநிலப் பட்டியலில் 57-ஆம் இனம். ஆதலின் பதிவுக்கு நாடெங்கும் ஒரே சட்டம். வரிக்கு மாநிலந்தோறும் ஒரு சட்டம். நம் இடர்ப்பாடு பெரும்பாலும் இவ்விரண்டின் இடைவெளியிற் பிறந்தது.

கார் வாங்கும்போதே பதினைந்து ஆண்டுகளுக்குரிய ஆயுட்கால வரியைச் செலுத்திவிட்ட ஒருவர், மூன்றாம் ஆண்டில் மாற்றலாகி வருகின்றார் என்று கொள்வோம். எஞ்சிய காலத்திற்கு இங்கே மீண்டும் வரி கட்டவேண்டும். இங்குப் புதிய பதிவு பெற்றதற்குச் சான்று காட்டிய பின்னரே, அங்குச் செலுத்திய தொகையில் ஒரு பகுதியைத் திரும்பக் கோர இயலும். அது கைக்கு வரும்வரை, மாதச் சம்பளக் குடும்பம் ஒரே காலத்திற்கு இரு வரிகளைச் சுமந்து நிற்கின்றது. சுங்கம் தவிர்த்த சோழன் என்று முதலாம் குலோத்துங்கனைப் போற்றும் மரபினர் நாம். ஒரே பொருளுக்கு இருமுறை சுங்கம் கேட்டால் வருந்தாதிருப்போமா?

எனினும் மறுபுறமும் நோக்குதல் அறம். இம்மாநில மக்களின் வரிப்பணத்தால் அமைந்த சாலைகளில் நாம் அன்றாடம் செல்கின்றோம். ஆண்டுகள் பல வாழ்ந்தும், வரிக்கு அஞ்சி ஊர் எண்ணையே வைத்துக்கொண்டிருப்பது, வரி செலுத்தும் அண்டை வீட்டாருக்கு நாம் இழைக்கும் அநீதியாகும். விருந்தினர் உரிமை வேறு. குடியிருப்போர் கடமை வேறு.

இவ்விடர் தீர்க்க 2021-ஆம் ஆண்டில் ‘பி.எச்.’ என்னும் பாரத் வரிசைப் பதிவு வந்தது. மாநிலம் மாறினும் எண் மாறுவதில்லை. வரியையும் ஈராண்டுக்கு ஒருமுறை செலுத்தலாம். ஆயினும் இது அரசு ஊழியர்க்கும், படையினர்க்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள நிறுவன ஊழியர்க்குமே உரியது. மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும், சிறு பட்டறையில் உழைப்பவருக்கும், மக்களுடன் வாழ வந்த ஓய்வூதியருக்கும் இதில் இடமில்லை. வசதி வேண்டியவர் இவரன்றோ?

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டு. பழைய மாநிலம் திருப்பித் தரவேண்டிய வரியைப் புதிய மாநிலமே நேரே பெற்று ஈடுசெய்து கொள்ளட்டும். பாரத் வரிசை எல்லாக் குடிமக்களுக்கும் திறக்கட்டும். ஒரு காலத்திற்கு ஒரு வரி என்பதே நியாயம்.

அதுவரை சட்டத்திற்கு உட்பட்டு நடப்போம். விண்ணப்பம் எழுத அறியாதவர்க்கு எழுதித் தரும் பணியை நம் சங்கம் மேற்கொள்ளுமாக. கடமையிற் குறைவற்றவரின் கோரிக்கையே அவையேறும்.