முத்திரையும் கையும்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அணிகலன்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தனர். தமிழாசிரியன் ஒருவனிடம் இப்பொருளைக் கொடுத்தால் அவன் ஐம்பெருங்காப்பியங்களில்தான் தொடங்குவான். சிலம்பு, மேகலை, சிந்தாமணி, வளை, குண்டலம் என ஐந்து நூல்களும் அணியின் பெயரையோ மணியின் பெயரையோ தாங்கி நிற்கின்றன. துறவை உயர்த்திப் பேசும் சமயங்களைச் சார்ந்தோர் இயற்றிய நூல்களுக்கு இப்படிப் பெயர் அமைந்ததை எண்ணி வியக்காத தமிழாசிரியர் இலர்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை முழுவதும் ஒரே வினாவைச் சுற்றி அமைந்தது: இந்தச் சிலம்பு யாருடையது? அரசியின் சிலம்பினுள் முத்து. கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. உடைத்துப் பார்த்தால் அன்றி உண்மை தெரியாது. உடைத்தபோதோ கோவலன் உயிரோடு இல்லை. ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய் அது. அதன்பின் நிகழ்ந்ததை மேடைகளில் பலரும் சொல்வதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய வேண்டி, பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த பிழைக்கு ஆயிரம் கைகள் வெட்டுண்டன. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் அவ்வரிகளை விரைந்து கடந்து செல்லலாகாது என்பது என் கருத்து.

பொன்னும் வெள்ளியும் நம்பிக்கையின் மேல் நடைபெறும் தொழில். உலோகத்தின் தரம் கண்ணுக்குத் தெரியாது. செய்த கையும் தெரியாது. அந்த நம்பிக்கையை ஈட்டிய ஒரு குடும்பத்தின் கதையை இன்று சொல்ல விரும்புகிறேன். கடல் கடந்து வந்த குடும்பம் அது. ஆனால் அதன் புகழுக்குக் காரணமான வேலை நம் தமிழ் மண்ணில், நம்மவர் கையால் நடந்தது.

சென்னை அண்ணா சாலையில் சென்றவர்கள் 'பி. ஆர் அண்டு சன்ஸ்' என்னும் பழைய கடையைக் கண்டிருப்பீர்கள். பி.ஆர். என்பது யாரோ ஒருவருடைய முதலெழுத்துகள் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். 'ஆர்' என்பது குடும்பப் பெயர். பீட்டர் ஆர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், கடிகாரத் தொழில் வல்லவர், 1840களில் சென்னைக்கு வந்தார். அங்கே முன்பே இயங்கிவந்த ஜார்ஜ் கார்டன் என்பவரின் கடிகாரக் கடையில் சேர்ந்து, பின்னர் அதனைத் தமதாக்கிக்கொண்டார். 1849 என்பதையே தொடக்க ஆண்டாகக் கொள்கிறார்கள். மக்களும் தொழிலில் சேர்ந்தபின் 'அண்டு சன்ஸ்' என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. சென்னையிலும் பின்னர் இரங்கூனிலுமாகக் கடை விரிந்தது.

1870களில் மவுண்ட் ரோட்டில் அவர்கள் எழுப்பிய கட்டடத்தை வரைந்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஸம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை அமைத்தவரும் அவரே. கட்டடத்தின் உச்சியில் மணிக்கூண்டு வைத்தார்கள். வானாய்வகத்தின் நேரத்தோடு அதனை இணைத்திருந்தமையால், சாலையில் செல்வோர் அதைப் பார்த்துத் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர். நேரத்தில் பொய் சொல்லாத கடை வெள்ளியிலும் பொய் சொல்லாது என்று வாங்குவோர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

கடிகாரம் விற்ற அந்தக் கடைக்கு உலகப் புகழ் தந்தது வெள்ளி. 'சுவாமி வேலைப்பாடு' என்று ஆங்கிலேயர் அதனை அழைத்தனர். தேநீர்க் குவளை, சர்க்கரைக் கிண்ணம், தட்டு, கைவளை ஆகியவற்றின் மேல் நம் கோயில் தெய்வங்களின் உருவங்கள் வரிசை வரிசையாகப் புடைத்து நிற்கும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். அப்பயணத்தில் அவருக்கு வந்த பரிசுப் பொருள்கள் பின்னர் இலண்டனிலும், 1878இல் பாரிஸ் பொருட்காட்சியிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அதன்பின் இந்தியக் கைவினைமேல் ஐரோப்பியர் கொண்ட மோகம் பெருகியது. சென்னை வெள்ளிக்கும் அதில் பங்கு கிடைத்தது.

தேநீர்க் குவளையின் மேல் தெய்வ உருவம் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒவ்வாத காட்சி. இங்கே அதனை யாரும் வாங்கிப் புழங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் அதைச் செய்த கை எது என்று பாருங்கள். உற்சவ மூர்த்திக்குக் கவசம் அடித்த கை, திருவாசிக்குத் தகடு போர்த்த கை, அதே உளியை எடுத்து வெள்ளைக்காரர் மேசைக்குக் குவளை செய்தது. வேலை ஒன்றே, வைக்கும் இடம் மாறிற்று.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இளையோர் பலர் பட்டறையின் உள்ளே சென்றிருக்க மாட்டீர்கள். வெள்ளியை மூசையில் இட்டு, வெண்காரம் தூவி உருக்குவார்கள். வார்த்த கட்டியைத் தட்டித் தட்டித் தகடாக்குவார்கள். தட்டத் தட்ட வெள்ளி விறைக்கும். மீண்டும் நெருப்பில் காட்டினால் இளகும். இப்படிப் பலமுறை. பிறகு குங்கிலியமும் செங்கற்பொடியும் எண்ணெயும் கலந்து காய்ச்சிய மெழுகின்மேல் தகட்டைப் பதிப்பார்கள். அம்மெழுகு கல்லைப்போலத் தாங்கவும் வேண்டும். உளி பட்ட இடத்தில் உள்வாங்கவும் வேண்டும். பின்புறத்திலிருந்து தட்டி உருவத்தைப் புடைக்க வைத்தபின், தகட்டைப் புரட்டி, முன்புறத்தில் கண், விரல், ஆடையின் மடிப்பு ஆகியவற்றைச் சிற்றுளிகளால் தெளிவாக்குவார்கள். ஓர் அடி தவறினால் தகடு கிழியும். தஞ்சாவூர்த் தட்டில் நாம் காணும் புடைப்பு உருவங்களும் இவ்வகை வேலையே.

வெள்ளி எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் ரூபாய் நாணயமே வெள்ளி. 1835க்குப் பின் வந்த ரூபாய் ஒன்றின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. நாணயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துக் காப்பும் கொலுசும் அடித்து வாங்குவது நாடெங்கும் இருந்த வழக்கம். ஆங்கிலேய நாட்டின் 'ஸ்டெர்லிங்' தரமோ ஆயிரத்துக்கு 925 பங்கு. நம் ரூபாய் வெள்ளி ஆயிரத்துக்கு 917. வேறுபாடு எட்டே பங்கு.

இந்த எட்டுப் பங்கையும் அளந்து சொல்ல இங்கிலாந்தில் ஒரு முறை உண்டு. 1300இல் முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்துச் சட்டம் வெள்ளியின் தரத்தை நிலைநிறுத்திச் சிறுத்தைத் தலை முத்திரை இடச் சொன்னது. 1363 முதல் செய்தவர் தம் குறியையும் இட வேண்டும் என்றாயிற்று. 1478 முதல் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்குப் பொருளைக் கொண்டுவந்து சோதிக்கச் செய்தார்கள். மண்டபத்தில் இட்ட முத்திரை என்பதே 'ஹால்மார்க்' என்னும் சொல்லின் பொருள். அந்த முறையில் ஒரு குடும்பத்தின் பெயர் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஹெஸ்டர் பேட்மன் என்னும் அம்மையாரைச் சொல்லலாம். கணவர் 1760இல் இறந்தபின் இலண்டன் பட்டறையைத் தாமே ஏற்று, அடுத்த ஆண்டே தம் பெயரின் முதலெழுத்துகளை முத்திரையாகப் பதிவு செய்தார். 1790 வரை நடத்தி, மக்களிடமும் மருமகளிடமும் ஒப்படைத்தார். இன்று உலகெங்கும் அவர் முத்திரை தாங்கிய கரண்டிகளைத் தேடி வாங்குகிறார்கள். ஆயினும் அந்தக் கரண்டிகள் எல்லாவற்றையும் அவரே அடித்தார் என்று யாரும் கருத வேண்டா. முத்திரை பட்டறைக்கு உரியது. வேலைக்காரரின் பெயர் அங்கும் மறைந்தே போயிற்று.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் இத்தகைய சோதனை மண்டபம் இல்லை. எனவே சென்னைக் கடை தன் பெயரையே முத்திரையாக அடித்தது. அரசின் சான்றுக்கு ஈடாக ஒரு குடும்பத்தின் பெயர் நின்றது. இதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நூறாண்டுக்கு மேல் ஒரு பெயரைக் கெடாமல் காத்தல் எளிதன்று. கடை வைத்து நடத்துவோர் இந்த அவையிலும் இருக்கிறீர்கள், உங்களுக்கு அது தெரியும். வேலை கொடுத்தார்கள், கூலி கொடுத்தார்கள், நம்மவர் திறமையைப் பாரிஸ்வரை கொண்டுசென்றார்கள்.

விடுதலைக்குப் பின் நிறுவனம் மதுரைக் கருமுத்து தியாகராசன் செட்டியார் குடும்பத்தாரிடம் வந்தது. பெயரை அவர்கள் மாற்றவில்லை. ஆர் குடும்பம் போனபின்னும் 'அண்டு சன்ஸ்' இருக்கிறது. இன்று மக்கள் அதனைக் கடிகாரக் கடையாகவே அறிவர். மெட்ரோ இரயில் பணியின்போது கட்டடத்தின் ஒரு பகுதி இடிபட்டு, வழக்கும் நடந்தது. கட்டடத்துக்காகவேனும் சிலர் நீதிமன்றம் சென்றார்களே என்று மகிழ்கிறேன்.

ஆனால் அருங்காட்சியகத்தில் அந்தச் சுவாமி வெள்ளியின் அருகே வைக்கும் அட்டையைப் படித்தால் என்ன இருக்கும்? நிறுவனத்தின் பெயர், சென்னை, ஏறத்தாழ இன்ன ஆண்டு. உளி பிடித்தவர் யார் என்பது இராது. குவளையில் இத்தனை தெய்வங்களுக்கு இடம் இருந்தது. செய்தவனின் பெயருக்கு இடம் இல்லாமற் போயிற்று.

நம் கொங்கு நாட்டுக்கு வருவோம். நொய்யற்கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பளிங்கையும் பச்சைக்கல்லையும் அறுத்துத் துளையிட்டு மணி செய்த பட்டறைகளை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். பதிற்றுப்பத்தும் கொடுமணத்தின் அணிகலன்களைப் பேசுகிறது. கோவைக்கு அருகே வெள்ளலூரில் உரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. கொடுமணலில் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. பானைக்கு உரியவர் தம் பெயரை அதில் கீறி வைத்திருந்தார். மணிக்குத் துளையிட்டவர் பெயரை மணியில் எழுத இயலாது அல்லவா?

இன்று சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் குடும்பம் குடும்பமாகக் கொலுசு செய்கிறார்கள். நம் கோவையில் பெரிய கடை வீதி, வைசியாள் வீதி, செல்வபுரம் பகுதிகளில் பொற்பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. இங்கே செய்த நகை வேறு ஊர்க் கடையின் பெட்டியில், வேறு ஒருவர் பெயரில் விற்பனையாகிறது. கூலியும் சேதாரமும் பேசி முடித்ததோடு செய்தவரின் உரிமை முடிந்துவிடுகிறது. என்னிடம் படித்த பட்டறைக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், தந்தை என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால் 'கூலி வேலை' என்றே சொல்வார்கள். 'பொற்கொல்லர்' என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

நம் நாட்டில் பொன்னுக்கு ஹால்மார்க் 2000இலும் வெள்ளிக்கு 2005இலும் வந்தது. 2021 ஜூன் முதல் பொன்நகைக்கு அது படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனிக்குறி இல்லாத பொன்நகையைக் கடைக்காரர் விற்கலாகாது. அக்குறியைக் கைப்பேசிச் செயலியில் இட்டால், விற்பவரின் பதிவு, சோதித்த நிலையம், தூய்மை ஆகியன தெரியும். நுகர்வோருக்கு இது பெரும் காப்பு. பாண்டியன் அவையில் இப்படி ஒரு குறி இருந்திருந்தால் சிலம்பை உடைக்க வேண்டியதில்லை. செய்த கைக்கு மட்டும் அந்தச் செயலியிலும் இடம் இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியதை அத்தொழிலோர் கேட்பர். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதனை இந்த அவைமுன் விண்ணப்பமாக வைக்கிறேன். நம் ஆலயங்களுக்கு அன்பர்கள் வெள்ளிக் கலசமும் தட்டும் பீடமும் செய்து அளிக்கிறார்கள். விளிம்பில் அளித்தவர் பெயர் இருக்கும். அறக்கட்டளைப் பதிவேட்டில் எடை இருக்கும், தேதி இருக்கும். இனிமேல் செய்பவற்றுக்கு, செய்தவரின் பெயரையும் ஊரையும் கேட்டு அதே பதிவேட்டில் எழுதுங்கள். அவர் இசைந்தால், கலசத்தின் அடிப்புறத்தில் சிறிய எழுத்தில் பொறிக்கவும் செய்யலாம். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. வேலையைக் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்; முடித்து மெருகிட்ட பின்னர்ச் சொன்னால் அவருக்குத் தொல்லை. பழைய பொருள்களைப் பொறுத்தவரை, எந்தப் பட்டறையில் செய்தது என்று நினைவுள்ள பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இவ்விழா முடிவதற்குள் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள இரண்டு இளைஞர்கள் முன்வந்தால், பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எடுத்துத் தரும் பணியை நான் செய்கிறேன்.