பிதுரார்ஜிதப் பொற்காசுகளும் அவற்றின் கிரயமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கலியாணத்துக்கோ சாகுபடிக்கோ பணம் வேண்டியபோது, பாட்டியின் பெட்டியிலிருந்த பொற்காசுகளை முடிந்துகொண்டு சென்னைக்கு வந்து, தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு நகைக்கடையிலோ, மயிலாப்பூரில் ஓர் அடகுக்கடையிலோ கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறவர் பலர். கடைக்காரர் காசைத் தராசிலிட்டு எடைக்குக் கிரயம் சொல்லுகிறார். அது நியாயமாகவே இருக்கலாம். ஆயினும் அது தங்கத்தின் கிரயமேயன்றி, காசின் கிரயமன்று. உருக்கியபின் இந்த வித்தியாசத்தை விசாரிப்பதில் பிரயோஜனமில்லை.

நம் நாட்டு வீடுகளில் அதிகமாகக் காணப்படுவது இங்கிலாந்து அரசாங்கத்தின் சவரன். இன்றைக்கு 8 கிராமை ஒரு சவரன் என்று வழங்குவதும் இந்தக் காசினால் வந்ததே. 1899ஆம் வருஷத்தில் இது இந்தியாவில் 15 ரூபாய்க்குச் செல்லுபடியாகும் நாணயமாக்கப்பட்டது. இதன் எடை 7.988 கிராம், மாற்று 22 காரட், அதாவது சுத்தத் தங்கம் 7.32 கிராம். குறுக்களவு 22 மில்லிமீட்டர். ஒரு புறம் அரசர் அல்லது அரசியின் தலை. மறுபுறம் பறவைநாகத்தை வதைக்கும் குதிரைவீரன். விக்டோரியா அரசியின் பழைய காசுகள் சிலவற்றில் வீரனுக்குப் பதிலாகக் கேடயம் இருக்கும்.

இனி, பலரும் பாராத விஷயம் ஒன்று. ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சவரனில் வருஷத்துக்கு மேலே, குதிரையின் காலடித் தரையை பூதக்கண்ணாடியால் பார்த்தால் சில காசுகளில் ஒரு சிறு ஆங்கில எழுத்துத் தெரியும். ‘எஸ்’ என்றால் சிட்னி, ‘எம்’ மெல்போர்ன், ‘பி’ பெர்த் அக்கசாலை. எழுத்தே இல்லையெனில் லண்டன். ‘ஐ’ என்றிருந்தால் பம்பாய். அங்கே பழைய சவரன் அடித்தது 1918 ஒரே வருஷந்தான். (2013 முதல் இந்தியாவில் மறுபடி அடிக்கப்பட்ட சவரன்களிலும் ‘ஐ’ உண்டு, அவற்றில் இரண்டாம் எலிசபெத் அரசியின் தலை இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம்.) அதே 1918இல் பம்பாயில் 15 ரூபாய் என்று பொறித்த மொகர் ஒன்றும் அடித்தார்கள். எடையும் மாற்றும் சவரனுடையவையே. அதைச் சவரனென்றெண்ணி உருக்கக் கொடுப்பவருக்கு நஷ்டம் சிறிதன்று. நாணயம் சேகரிப்போர் அதற்குத் தங்க விலைக்கு மேல் தருவார்கள்.

சவரனுக்கு முந்தியது வராகன். சென்னையில் கும்பினியார் வெளியிட்ட நட்சத்திர வராகனில் ஒரு புறம் விஷ்ணுவின் உருவமும், மறுபுறம் புள்ளிகளின் நடுவே நட்சத்திரமும் இருக்கும். எடை ஏறக்குறைய 3.4 கிராம், மாற்று 19 காரட்டுக்குச் சற்று மேல். 42 பணம் ஒரு வராகன் என்பது அந்நாளைய கணக்கு. 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். மாற்றுக் குறைவென்று கடையில் இதற்கு விலை தாழ்த்துவது தங்கத்தளவில் சரியே. பழமையின் விலை அந்தக் கணக்கில் சேராது. 2020ஆம் வருஷம் திருவானைக்காவல் கோயிலில் பூமியைத் தோண்டுகையில் கலயத்தோடு கிடைத்த 505 பொற்காசுகள் 1.716 கிலோ நின்றன. வகுத்துப் பார்த்தால் காசு ஒன்றுக்கு 3.4 கிராம், வராகன் எடையே!

இவ்விதம் மண்ணிலிருந்து கிடைப்பது வேறு, பெட்டியிலிருந்து கிடைப்பது வேறு. புதைபொருளைக் கண்டெடுத்தவர் 1878ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பிதுரார்ஜிதக் காசுக்கு அந்த நிர்ப்பந்தமில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருளாகையால், அதைத் தனி நபர் வெளிநாட்டுக்கு அனுப்புவது கூடாது.

அசலா போலியா என்று அறிய உரைகல் மட்டும் போதாது. அது மேற்புறத்தையே காட்டும். நுட்பமான தராசில் காசை நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால், நல்ல சவரன் சுமார் 0.45 கிராம் எடை குறையும். அதிகம் குறைந்தால் உள்ளே வேறு உலோகமுண்டு. காசுமாலையிலுள்ளவற்றில் தட்டார் தாமே அடித்த மெல்லிய காசுகளும் உண்டு. அசலேயாயினும் வளையம் பற்றவைத்த காசைச் சேகரிப்போர் குறைத்தே மதிப்பர். பற்றின் எடையும் தங்கமாகாது. புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது அதனினும் கெடுதி. பொறிப்பு தேய்ந்தபின் வருஷத்தையும் எழுத்தையும் எதைக்கொண்டு படிப்பது?

சென்னைக்கு வருகிறவர்கள் எழும்பூர் அரசாங்க மியூசியத்திலுள்ள நாணயங்களைப் பார்த்துப் போகலாம். பாகப்பிரிவினையில் காசுகளை எண்ணிக்கையாலோ எடையாலோ பங்கிட்டால், ஒரு சகோதரனுக்கு 1918 மொகரும் மற்றவனுக்கு வளையம் வைத்த சவரனும் போய்ச் சேரலாம். மனஸ்தாபம் பிற்பாடு வரும். ஆகையால் பங்கிடுமுன்பே ஒவ்வொரு காசின் அரசர், வருஷம், எழுத்து, எடை ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, அந்தப் பெட்டியிலேயே வைப்பது நலம்.