கையளவுப் பலகையும் யான் கற்ற பாடமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சரக்குச் சீட்டுகளோடு நாளைக் கழிக்கும் ரயில்வே எழுத்தன் யான். கணினியைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். ஒரு பெரும் பிழை செய்தவன் என்பதே என் தகுதி. அப்பிழை உங்கள் இல்லத்தில் நேரலாகாது என்பதே என் அவா.

2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள், இங்கிலாந்தில் எபன் அப்டனும் அவர்தம் தோழர்களும் 'ராஸ்பெர்ரி பை' எனும் சிறு கணினிப் பலகையை வெளியிட்டனர். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகவேண்டும் என்பது அவர்தம் நோக்கம். அதற்கு முன்னரே, நம் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் கூடி, எளியோர்க்கென 'சிம்ப்யூட்டர்' எனும் கையடக்கக் கணினியை வகுத்தனர். 2004இல் அது விற்பனைக்கு வந்தது. பெரிதும் பரவாமற் போயினும், அவ்வெண்ணம் இவ்வூரில் பிறந்தது நமக்குப் பெருமையன்றோ?

என் மகள் எஸ்.பி. ரோட்டில் ராஸ்பெர்ரி பை ஒன்று வாங்கி வந்தாள். பழைய தொலைக்காட்சிப் பெட்டியோடு அதை இணைத்து, நம் தமிழ் வகுப்புச் சிறார்க்குத் தட்டச்சு கற்பிக்கலாம் என்பது அவள் திட்டம். ஆயின் வாங்கியபோது பலகை ஊமை. நகக்கண் அளவுள்ள மெமரி கார்டில் இயங்குதளத்தை நாமே பதித்துச் செருகவேண்டும். இயங்குதளம் முழுவதையும் ஒன்றாய் அடக்கிய கோப்பை 'இமேஜ்' என்பர். அதை வெறுமனே நகலெடுத்துக் கார்டில் வைத்தால் பலகை விழிக்காது. அரிசி மூட்டையை அடுப்பில் ஏற்றினால் சோறாகுமோ? அதற்கென உள்ள மென்பொருளால், கார்டின் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பதித்தல் வேண்டும்.

அங்ஙனம் பதிக்கையில் முன்பு அதிலிருந்தவை அழியும். யானோ அவசரத்தில், கார்டுக்கு மாறாக, அருகே செருகியிருந்த பென்டிரைவைத் தெரிவு செய்தேன். மறைந்த என் தந்தையாரின் குரல் அதில் இருந்தது. வேறு படி இல்லை. மீட்டுத் தருவோரை நாடியும் பயனில்லை. மகள் ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எனக்குத் தண்டனையாயிற்று.

ஆகவே நான்கு சொற்கள் கூறுவேன்.

முதலாவது, உங்கள் பலகைக்குரிய இமேஜையே எடுங்கள். எந்த உறுப்பு எங்குள்ளது எனும் குறிப்பு பலகைக்குப் பலகை வேறு. மீட்டர் கேஜ் வண்டி அகலப் பாதையில் ஓடுமோ?

இரண்டாவது, அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்தே பெறுங்கள். அங்கே 'ஷா-256' எனும் 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியும் தந்திருப்பர். இறக்கிய கோப்பின் குறியை அதனோடு ஒப்பிடுங்கள். ஓரெழுத்து மாறினும் கோப்பு பழுதே. வேகனின் முத்திரையைப் பார்க்காமல் சரக்கை ஏற்கும் எழுத்தன் உண்டோ?

மூன்றாவது, மற்றச் சேமிப்புக் கருவிகளைக் கழற்றிவிட்டு, கார்டின் பெயரையும் கொள்ளளவையும் இருமுறை படித்தபின் பொத்தானை அழுத்துங்கள். அரியவற்றுக்கு வேறிடத்தில் ஒரு படி வையுங்கள்.

நான்காவது, பலகையை முறையாக நிறுத்தியபின் மின்சாரத்தை எடுங்கள். இன்றேல் கார்டு பழுதாகலாம்.

அடுத்த ஞாயிறன்று மகளே பொறுமையாகப் பதித்தாள். திரை ஒளிர்ந்தது. எதிர்வீட்டுச் சிறுமி முதலில் தட்டிய எழுத்து 'அ'. இழந்த குரலை எண்ணி வருந்திய என் நெஞ்சு அன்று சற்றே ஆறிற்று.