மரத்தடி விருந்து



வீட்டுக்கு வந்தவரை ஆளுக்கு ஆள் முகம் பார்த்து ‘வாங்க’ என்று கைகூப்பும் ஊர் இது. ஆபிரகாமின் விருந்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை எனக்கு எங்கே கிடைக்கும்?

பைபிளின் ஆதியாகமம் 18-ஆம் அதிகாரம். உச்சி வெயில். கூடார வாசலில் இருந்த முதியவர் ஆபிரகாம், முன்பின் அறியாத மூவரைக் கண்டதும் ஓடிச் சென்று தரைமட்டும் குனிந்து வணங்குகிறார். கால் கழுவத் தண்ணீர் தருகிறார். மரத்தடியில் உணவு படைக்கிறார். வந்தவர்கள் வானவர்கள்!

1656-இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இக்காட்சியைச் செப்புத்தகட்டில் கீறி அச்சிட்டார். விருந்தினர் தரையில் விரிப்பின் மேல் அமர்ந்திருக்கிறார்கள். அந்த அமர்வு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் நாட்டிலிருந்து! முகலாயச் சிற்றோவியங்கள் டச்சு வணிகத்தோடு ஆம்ஸ்டர்டாம் சேர்ந்திருந்தன. பழவேற்காட்டில் கோட்டை கட்டி நம் துணிகளை ஏற்றிச் சென்றார்களே, அதே டச்சுக்காரர்கள்தாம். மரத்தடியில் நான்கு இஸ்லாமியப் பெரியவர்கள் கூடியிருக்கும் ஓர் ஓவியத்தைப் பார்த்து, ஆசியத் தாளில் பழுப்பு மையால் ரெம்பிராண்ட் வரைந்தார். அவர் வரைந்த அந்தப் படம் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. முகலாயப் படங்களைப் பார்த்து அவர் வரைந்தவற்றில் 20-க்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன.

செப்புத்தகட்டுப் படத்தில் ஆபிரகாமைப் பாருங்கள். கையில் கூஜா, முதுகு வளைந்திருக்கிறது. வீட்டுக்கு உடையவர்தான் அங்கே ஏவல் செய்கிறார். கதவுக்குப் பின்னே அவர் மனைவி சாராள். அவளுக்கு மகன் பிறப்பான் என்று விருந்தினர் சொன்னதைக் கேட்டு, இந்த வயதில் பிள்ளையா என்று அவள் மனத்துக்குள் சிரித்ததாக வேதம் சொல்கிறது. அந்தக் கதை தெரியாதவருக்கும் அந்த முதுகு விளங்கும். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் வெளிப்படும் என்று எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் வழிவந்த நமக்கா விளங்காது?

யூத முதுபெரும் தந்தையின் கதை, முகலாய ஓவியனின் கண், டச்சுக்காரரின் கை. மூன்றையும் ஒன்றாக்கியது விருந்தினர் முன் பணியும் உடம்பு. சமயம் கடந்த கலை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றை நான் கண்டதில்லை.

இங்கிருக்கும் ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு முகம் வரையக் கற்றுத்தருகிறீர்கள்; மகிழ்ச்சி. பந்தியில் பரிமாறும் கையையும், குனியும் முதுகையும் பேனாவால் வரையச் சொல்லுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.