குறுந்தட்டை எறிந்துவிடலாமா?



“எல்லாப் பாட்டும் கைப்பேசியில் இருக்கிறதே, இன்னும் எதற்குக் குறுந்தட்டு?” என்று எதிரணி நண்பர் கேட்டார். எல்லாப் பாட்டுமா இருக்கிறது? யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006இல் குறுந்தட்டாக நம் கைக்கு வந்தது. அது புகழ்பெற்றது, பிழைத்துக்கொள்ளும். கைக்காசு போட்டுச் சில நூறு தட்டுகள் அடித்து, தீபாவளிச் சந்தையில் கூவி விற்றார்களே நம் உள்ளூர்க் கலைஞர்கள், அவர்களுடைய பாட்டுகள்? பல இணையத்தில் ஏறவே இல்லை. தபேலா வாசித்தவர் பெயர் உறைத்தாளில் மட்டுமே இருக்கிறது.

சந்தா கட்டிக் கேட்பது வாடகை வீடு மாதிரி. உரிமம் முடிந்தால் பாட்டு போய்விடும். தட்டிலும் கீறல் விழும், பூஞ்சை பிடிக்கும், உண்மைதான். அதற்காக எறிவதா? கணினியில் ஒரு படி எடுங்கள். உறைத்தாளையும் படம் பிடியுங்கள். தட்டை அலமாரியிலேயே வையுங்கள்.