உடன்பயின்றோர் நினைவு

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களிலே ஒருவர் இறந்து 31 ஆம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் நடைபெறும்போது, வந்திருக்கும் சுற்றத்தாருக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பது நெடுங்கால வழக்கமாகும். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். கல்லிலே வெட்டப்பட்டதன்று, தாளிலே அச்சிடப்பட்டதுதான்; ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. இறந்த திதியைக் கூறும் வெண்பா, ஊரின் சிறப்பு, குடிவழி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று அது செல்லும். பழைய கல்வெட்டுகளைப் புரட்டிப் பார்ப்போருக்கு ஒன்று புலனாகும். மாமன், மைத்துனன், பேரன், பீட்டன் யாவரும் அங்கே உளர். இறந்தவரோடு ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே ஆசிரியரிடம் அடிவாங்கி, பத்தாண்டு படித்த தோழனைத் தேடினால் பெரும்பாலும் அகப்படமாட்டான். உறவுமுறைப் பட்டியலிலே அவனுக்கு இடமில்லை. அவன் செத்தவீட்டுக்கு வந்து, பந்தலின் ஓரத்திலே சற்றுநேரம் இருந்துவிட்டு, படலையைத் திறந்துகொண்டு போய்விடுகிறான்.

இது ஒரு சிறு குறையெனத் தோன்றலாம். ஆனால், ஒரு மனிதனின் பன்னிரண்டாம் வயதிலிருந்து பதினெட்டாம் வயது வரையுள்ள காலத்தை நேரிற் கண்டவர் யார்? மனைவி காணவில்லை, மக்கள் காணவில்லை. பெற்றோர் கண்டது வீட்டிலிருந்த பிள்ளையைத்தான். அக்காலத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவர் இருவரே: ஆசிரியர் ஒருவர், உடன்பயின்றோர் மற்றொருவர். ஆசிரியர் முந்திப் போய்விடுகிறார். எஞ்சியிருப்போர் வகுப்புத் தோழர். அவர்களும் ஒவ்வொருவராகக் குறைகின்றனர்.

இந்த நாட்டிலே தமிழர் கல்வி வரலாற்றிற் புகழ்பெற்ற பழைய பாடசாலையொன்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினர். சாத்திரசாலை என்றும் அதனை வழங்குவர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் அங்கே கற்பிக்கப்பட்டன. அதன் முதல் அதிபர் டானியேல் பூர் என்பவர். அங்கு சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு, அவர்கள் படிப்புக்குப் பணம் உதவிய அமெரிக்க அன்பர் விரும்பிய பெயர்கள் சூட்டப்பட்டன. அப்பெயர்களுட் சில இறந்தோர் பெயர்கள். உதயதாரகைப் பத்திரிகை 1841 ஆம் ஆண்டு தோன்றியபோது அதன் ஆசிரியராயிருந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவரும் தமிழரே, செமினரியிற் படித்தவர்கள். ஆனால் ஹென்றி மார்ட்டின் என்பது 1812 ஆம் ஆண்டு துருக்கி நாட்டிலே இறந்துபோன ஓர் ஆங்கில மிஷனரியின் பெயர். சேத் பேசன் என்பதோ 1820 இல் அமெரிக்காவிலே காலமான ஒரு குருவின் பெயர். எங்கோ மறைந்தவர்களின் நினைவு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பெயராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது! அப்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இட்ட பெயர் என்னவென்று இன்று கேட்பாருமில்லை. ஒருவரின் நினைவைக் காப்பதற்கு மற்றொருவரின் பெயரை மறைத்துவிடுவது எவ்வளவு நியாயமான காரியம் என்பது நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டியது.

1855 ஆம் ஆண்டு அச்செமினரிக்குப் பொல்லாத ஆண்டாயிற்று. பெப்ரவரி மாதத் தொடக்கத்திலே டானியேல் பூர் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார். அமெரிக்காவிலிருந்த தலைமைச் சங்கத்தாரின் கொள்கை மாற்றத்தாலே அவ்வாண்டிலேயே செமினரியும் மூடப்பட்டது. ஆசிரியரும் பாடசாலையும் ஒரே ஆண்டில் இல்லாமற் போயினர். ஒரு பாடசாலை நடந்துகொண்டிருக்குமாயின் மறைந்தவர்களை அங்கே வருடந்தோறும் நினைக்கலாம். சுவரிலே படம் மாட்டலாம். செமினரியின் பழைய மாணவருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் நினைப்பதைத் தவிரச் செமினரி வேறெங்கும் இருக்கவில்லை. யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்திலே 1872 இல் எழும்வரை இந்நிலையே நீடித்தது.

அவர்களுள் இருவர் செய்தி இனிமையானது. கறல் விசுவநாதபிள்ளை செமினரியின் ஆசிரியர். வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் எழுதி 1855 இல் வெளியிட்டவர். சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே கற்ற மாணவர். 1857 ஆம் ஆண்டு சென்னைச் சர்வகலாசாலை முதன்முறையாக நடத்திய பி. ஏ. பரீட்சையிலே சித்தியெய்தியோர் இவ்விருவருமே. கற்பித்தவரும் கற்றவரும் ஒரே பரீட்சைக்குச் சென்று ஒன்றாகத் தேறினர். அதனால் ஆசிரியர் உடன்பயின்றோருமானார். விசுவநாதபிள்ளை 1880 இல் மறைந்தார். தாமோதரம்பிள்ளை அதற்குப் பின்னும் இருபதாண்டு உயிர்வாழ்ந்து, தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பிறவற்றையும் ஏடுகளினின்று அச்சேற்றி, 1901 சனவரி முதல் நாளிலே காலமானார். அந்த 1857 ஆம் ஆண்டுப் பரீட்சையைப் பற்றி, 'அன்று நானும் எழுதினேன்' என்று சொல்லத்தக்க தேறியவர் அத்தோடு ஒருவருமில்லை.

செமினரியிலே பயின்ற இன்னொருவர் ஆனல்ட் சதாசிவம்பிள்ளை. உதயதாரகையின் ஆசிரியராயிருந்தவர், யாழ்ப்பாணக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர். 1886 ஆம் ஆண்டு அவர் பாவலர் சரித்திர தீபகம் என்னும் நூலை மானிப்பாயில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை அகரவரிசையிலே தரும் நூல் அது. சைமன் காசிச்செட்டி 1859 இல் ஆங்கிலத்தில் இத்தகைய நூலொன்றை முன்னரே இயற்றியிருந்தார். ஆனல்டு அவர்களின் நூலிலே குறிக்கத்தக்கது யாதெனில், சங்கப் புலவரோடு அவருடைய காலத்து யாழ்ப்பாணத்தாரும் இடம்பெற்றமையே. சைவர் இன்னார், கிறிஸ்தவர் இன்னார் என்று பிரிக்காமல் அகரவரிசை எல்லோரையும் அருகருகே இருத்திவிட்டது. அக்காலத்துச் சமயக் கண்டனங்கள் எவ்வளவு கடுமையாயிருந்தன என்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். வகுப்பிலே இடாப்புக் கூப்பிடும்போதும் அப்படித்தானே? எழுத்து முறையிலே அமர்ந்தவர்கள் எழுத்து முறையிலேயே நினைக்கப்பட்டனர்.

எனினும் அந்நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. பாட்டுப் பாடியவனுக்கே அங்கே இடம். செமினரியிற் படித்து, கச்சேரியிலே எழுதுவினைஞராகிப் போனவனும், நில அளவையாளனாகிக் காடு மேடு திரிந்தவனும், கிராமத்துப் பள்ளிக்கூடத்திலே அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து முடிந்தவனும் அதில் வரமாட்டார்கள். அவர்களே தொகையில் மிகுந்தவர்கள். யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர் ஜே. வி. செல்லையா, செமினரி தோன்றி நூறாண்டு நிறையும் வேளையில், 1922 இல், அக்கல்வியின் வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். அவர் எழுதாதிருந்தால் இன்னும் பல பெயர்கள் அழிந்திருக்கும். பத்துப்பாட்டை ஆங்கிலமாக்கியவர் என்றே அவரைப் பலர் அறிவர். பழைய மாணவர்களுக்கு அவர் செய்த இந்த உபகாரம் அதற்குக் குறைந்ததன்று.

மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் பெயரிடுவது மற்றொரு முறை. யாழ்ப்பாணக் கல்லூரியின் நூலகம் டானியேல் பூரின் பெயரைத் தாங்கியது. பரிசளிப்பு விழாவிலே ஞாபகார்த்தப் பரிசுகள் வழங்குவதும் எங்கும் உண்டு. நல்ல காரியமே. ஆனால், கணிதத்துக்கான பரிசைப் பெற்று மேடையிலிருந்து இறங்கும் சிறுமியிடம், அப்பரிசு எவர் நினைவாக வழங்கப்படுகிறதோ அவர் யார் என்று கேட்டால் அவள் விழிப்பாள். பெயர் நிற்கிறது, ஆள் போய்விட்டார். இதனினும் மேலான முறை, இறந்தவரை அறிந்தோர் கூடி எழுதுவது. யாழ்ப்பாணக் கல்லூரியிலே கற்று, அங்கேயே கற்பித்து, பின்பு கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம் 1977 இல் மறைந்தார். 1980 இல் அவருக்கு ஒரு நினைவு நூல் வெளிவந்தது. அவருடைய எழுத்துக்களும் அவரை அறிந்தவர்கள் எழுதியவையும் அதில் உள. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் என்ன நினைத்தது என்று அறிய விரும்புவோர் இன்றும் அதைத்தான் தேடுகின்றனர்.

எல்லா ஆசிரியருக்கும் நூல் வெளியிடுதல் இயலாது. ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் இப்போது மலர்களிலே எழுதப்படும் பக்கங்களைப் பார்த்தால், இறந்த ஆசிரியர் அனைவரும் அன்பே உருவானவர். எல்லோரும் பண்பின் சிகரம். எல்லோருடைய இழப்பும் ஈடுசெய்ய முடியாதது. பெயரை மாற்றி எவருக்கும் பொருத்தலாம்! பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் என்ன, கரும்பலகையிலே வட்டத்தை எப்படி ஒரே வீச்சிற் கீறுவார், எந்தச் செய்யுளைச் சொல்லும்போது குரல் தளும்பும் என்பன வகுப்பிலிருந்தவனுக்கே தெரியும். 1945 இல் இலவசக் கல்வி வருமுன் சம்பளப் பணம் கட்டமுடியாது வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவன், மறுநாள் எப்படி மீண்டும் வகுப்புக்கு வந்தான் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இராது. பணத்தைத் தம் கையிலிருந்து கட்டிய ஆசிரியர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். அந்த மாணவன் சொல்லவேண்டும். அவன் சொல்லாது இறந்துவிட்டால் அந்த ஆசிரியர் இரண்டாம் முறையும் இறந்தவராவார்.

ஏட்டிலிருந்தவையும் பாதுகாப்பாயிருக்கவில்லை. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் முடிவிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது இடாப்புகளை யார் தூக்கிச் சென்றிருப்பர்? திரும்பி வந்தபோது பல பாடசாலைகளின் அலுமாரிகள் வெறுமையாயிருந்தன. ஒரே வகுப்பிலிருந்தவர்கள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிதறிப் போயினர். அங்கெல்லாம் பழைய மாணவர் சங்கங்கள் கூடுகின்றன. செயலாளர் அவ்வாண்டிலே மறைந்தோரின் பெயர்களை வாசிக்க, சபையோர் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கின்றனர். பட்டியல் ஆண்டுக்காண்டு நீளுகிறது. கேட்டு நிற்போர் தொகை குறைகிறது. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போதுதான் உண்மையான நினைவுகூரல் தொடங்குகிறது. 'எந்தச் சண்முகநாதன்? தோணியிலே வந்து படித்தவனா?' என்று ஒருவர் கேட்பார். 'இல்லையடா, அவன் முந்தியே போய்விட்டான். இவன் நாடகத்திலே பெண்வேடம் போட்டவன்' என்பார் இன்னொருவர். பக்கத்தில் நிற்கும் மகன், தன் தந்தையின் தோழர் பெண்வேடம் புனைந்த செய்தியை அன்றுதான் அறிகிறான். அறிக்கைப் புத்தகத்திலே பெயர் மட்டுமே எழுதப்படுகிறது. தேநீர்ப் பேச்சு காற்றோடு போகிறது.

2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் இணையவழி எண்ணிம நூலகத்திலே பாடசாலை மலர்களும் கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் பிரதி செய்து சேர்க்கப்பட்டு வருகின்றன. வீட்டுப் பெட்டிகளின் அடியிலே கிடந்தவை பல இவ்வாறு வெளிவந்துள்ளன. அவற்றுள்ளே பழைய வகுப்புப் படங்களும் காணப்படும். அமர்ந்திருப்போர், நிற்போர், இடமிருந்து வலம் என்று படத்தின் கீழே பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். சில படங்களின் கடைசி வரியிலே, 'சமுகமளியாதோர்' என்று எழுதி இரண்டொரு பெயர்களும் தரப்பட்டிருக்கும். படம் எடுத்த அன்று காய்ச்சலோ, வயல் வேலையோ, போட்டுக்கொள்ள நல்ல சட்டை இல்லாமையோ, ஏதோவொன்று அவர்களைத் தடுத்தது. முகமில்லாத அப்பெயர்களுக்கு உரியவர்கள் எப்படி இருந்தனர் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அந்தப் படத்திலே நிற்பவர்களுள் இன்னும் உயிரோடிருப்பவர்கள்தாம்.