கலையாசிரியருக்குச் செய்யும் மரியாதை எது?

(நாடக ஆசிரியர் ஒருவருக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நாற்பது வருஷ காலமாக இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்துவந்த பெரியவருக்கு இன்று பாராட்டு நடத்துகிறோம். எனக்கு முன் பேசிய தோழர்கள் அவரைத் தெய்வமென்றார்கள். சிலர் காலிலும் விழுந்தார்கள். அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டதை நீங்களும் பார்த்தீர்கள். அவரைத் தெய்வமாக்கிவிட்டால் நமக்கு ஒரு சவுகரியம் உண்டு. தெய்வத்துக்கு வீட்டு வாடகை இல்லை; வைத்தியச் செலவில்லை; மளிகைக் கடைப் பாக்கியுமில்லை. மனிதர் என்று ஒப்புக்கொண்டால்தான் நமக்குக் கடமை வந்துசேரும். ஆகவே நான் அவரை மனிதரென்றே வைத்துப் பேசப்போகிறேன்.

குருபக்தி என்றால் நம்மவர்களுக்கு உடனே ஏகலைவன் கதை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. சொல்லிக்கொடுக்காத துரோணர் கட்டைவிரலைக் கேட்டாராம். பிள்ளை அறுத்துக் கொடுத்தானாம். இதைப் பெருமையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். தன் செல்லச் சீடனைவிட இன்னொருவன் மேலே போய்விடக்கூடாதென்று நினைத்தவர் எப்படி ஆசிரியராவார்? விரலை வாங்குகிறவர் ஆசிரியரல்ல; விரலுக்கு வித்தையைக் கொடுக்கிறவரே ஆசிரியர்.

கதையை விட்டு நடந்ததைப் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் 1867ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். முதலில் நடிகராயிருந்தார், எமன், சனீசுவரன், இராவணன் முதலிய வேஷங்கள் போட்டார். கைதட்டல் வாங்கிக்கொண்டே காலத்தைத் தள்ளியிருக்கலாம். ஆனால் வேஷத்தை விட்டு, எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் உட்கார்ந்துவிட்டார். 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு ஆசிரியரானார். அவ்வருஷம் அதில் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் டி.கே. சண்முகம். அப்போது வயது ஆறு. அபிமன்யு நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தாரென்று சண்முகமே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பேரெடுத்த பெரியவர் ஒருவர் சிறு பையன்களுக்காக இரவெல்லாம் கண் விழித்தார் என்பதுதான் நாம் பார்க்கவேண்டிய விஷயம்.

நிற்க. அவர் எழுதியவற்றில் பெரும்பாலானவை புராணக் கதைகள்தானே, பகுத்தறிவு பேசுகிறவர்கள் அவரைப் புகழலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அக்கதைகளை நாம் ஒப்புக்கொள்ளவேண்டியதில்லை. தச்சர் ஒருவர் ஒரு பிள்ளைக்கு இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தால், அவன் அதைக்கொண்டு தேரும் செய்யலாம்; பள்ளிக்கூடப் பெஞ்சும் செய்யலாம். சுவாமிகள் கொடுத்த சுத்தமான உச்சரிப்பும், குரலும், மேடைப் பழக்கமும் அப்படித்தான் பிறகு வேறு வேலைகளுக்கும் உதவின. சண்முகமும் அவர் சகோதரர்களும் 1925ல் சொந்தமாகச் சபை ஆரம்பித்தார்கள். அதில் வளர்ந்தவர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் மூடநம்பிக்கைகளைச் சிரிக்கவைத்தே அடித்தது நாடறிந்த சங்கதி. சண்முகத்திடம் சிறுவனாகப் பழகியவர் கமல்ஹாசன். 1996ல் அவர் நடித்து வந்த படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயரிட்டது அந்த ஆசிரியரின் ஞாபகமாகவேயாகும். 1922ல் புதுச்சேரியில் மாண்டவரின் வித்தை எத்தனை கை மாறி, எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்!

இதனால் பழைய பாய்ஸ் கம்பெனிகளில் எல்லாம் நன்றாயிருந்தது என்று சொல்ல வரவில்லை. அங்கே அடி உதை உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு போயிற்று. பையன் உழைத்த பணத்தில் பெரியவர்கள் ஜீவனம் செய்ததும் உண்டு. ஆசிரியர் செய்தாரென்பதற்காக அதையும் சேர்த்துப் புகழ்ந்தால் அது பக்தியாகுமேயொழிய மரியாதையாகாது. அதுபோலவே, இன்ன ஜாதிப் பிள்ளைக்குத்தான் சொல்லிக்கொடுப்பேன், பெண்பிள்ளைக்கு மாட்டேன் என்கிற வித்துவானுக்கு எவ்வளவு ஞானமிருந்தாலும் நமது மாலைக்கு அவர் யோக்கியரல்ல. இப்பெரியவரிடம் படித்தவர்களை இங்கே பார்க்கிறேன்: சேரிப் பிள்ளையும் உண்டு, பெண்களும் உண்டு. இவருடைய யோக்கியதைக்கு இவர்களே அத்தாட்சி. நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

சரி, நாம் என்ன செய்யவேண்டும்? கிராமத் திருவிழாக்கள் நடக்கிற மாதங்களில்தான் நாடகக்காரர்களுக்கு வரும்படி. மழைக்காலத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று கேட்க யாருமில்லை. செத்தபிறகு சிலை வைக்கவும், தெருவுக்குப் பெயர் வைக்கவும் ஓடிவருகிறோம். சிலை சோறு கேட்காதல்லவா?

ஆகவே மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன். முதலாவது, இன்று போர்த்திய பொன்னாடையோடு நிறுத்தாமல், மாதந்தோறும் ஒரு தொகை இவர் வீட்டுக்குப் போகவேண்டும். இது தருமமல்ல, நாற்பது வருஷத்துச் சம்பளப் பாக்கி. இரண்டாவது, இவருக்கு வாயளவில் இருக்கிற பாட்டு, மெட்டு, வசனம் எல்லாவற்றையும் எழுதியும், ஒலிப்பதிவு செய்தும் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அவை இவரோடேயே போய்விடும். மூன்றாவது, படிப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் மாலை வேளையில் பிள்ளைகளை இவரிடம் அனுப்பவேண்டும். சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளை வருவதைவிடப் பெரிய மரியாதை வேறெதுவுமில்லை.

இவரிடம் கற்ற வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இவர் காலில் விழவேண்டாம். இவர் சொல்லிக்கொடுத்ததில் தப்பிருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். இவரைவிட நன்றாக நடியுங்கள். நாளைக்கு நீங்களும் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். இவருக்குக் கொடுக்கவேண்டிய தட்சணை அதுதான்.

மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மாதச் சந்தாவுக்கு முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன். கைதட்டிய தோழர்களெல்லாரும் தங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டு, இவ்வளவோடு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.